லோரீன் பாடிய பிறந்தநாள் பாட்டு

இந்தியானாவில் மார்லோ என்ற சிற்றூர். அதன் நெடுஞ்சாலை ஓரத்தில் டஃபர்ஸ் உணவகம் இருந்தது. ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த கம்பெனி அது. மூடி வெகுகாலம் ஆன பிறகு மார்லோக்காரர்களுக்கு அதன்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய பெயர்ப்பலகையைத் தேடிப் பிடித்து, பூங்காவில் நட்டு விழா எடுப்பதென்று தேவாலயத்தில் கூட்டம் போட்டார்கள்.

அங்கே பரிமாறியே இளமையைத் தொலைத்த லோரீன் ஹப்பர்டையும் அழைத்திருந்தார்கள். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பூண்டு ரொட்டி வாசனையைப் பற்றி ஒருவர் உருகினார். பக்கத்திலிருந்த வீடியோ கடையை இன்னொருவர் பேச்சில் இழுத்தார். பிறகு, விழாவை முன்னின்று நடத்தும் கர்ட் வெசல் எழுந்தான். ஊரில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வைத்திருப்பவன்.

"லோரீன், திறப்பு விழாவுல நீங்க, அங்க பிறந்தநாள்னா மாட்டிக்குவீங்களே, அந்த மான்கொம்புத் தொப்பியப் போட்டுக்கிட்டு பிறந்தநாள் பாட்டு பாடணும். என் எட்டாவது பிறந்தநாளுக்குப் பாடினீங்களே, ஞாபகம் இருக்கா? கண்ணெல்லாம் தண்ணி உங்களுக்கு. பெத்த பிள்ளைக்குப் பாடற மாதிரி உருகிப் பாடினாங்கன்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"இருக்கு," என்றாள் லோரீன். "அன்னிக்குத்தான் எங்கம்மா செத்தாங்க."



"மூச்சு இழுக்குது, உடனே வாங்கன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். மேனேஜர் டென்னிஸ்கிட்ட கெளம்பறேன்னு சொன்னேன். 'சனிக்கிழமைக் கூட்டம், இப்ப போனா திரும்பி வராதே'ன்னான். வீட்டுல ரெண்டு பொண்ணுங்க எனக்கு. தொப்பிய அவனே என் தலையில மாட்டிவிட்டான். பாடினேன். இன்னும் சத்தமா ஒரு தடவைன்னாரு உங்கப்பா. அதையும் பாடினேன். ஓடிப் போய்ப் பாத்தா மூஞ்சிய மூடியிருந்தாங்க."

"எனக்கு எட்டு வயசு, லோரீன்," என்றான் கர்ட், மெல்ல.

"உன்மேல எனக்கென்னப்பா கோபம்? அந்த எடத்தத் தலையில தூக்கிவெச்சு ஆடறீங்களே, அதப் பாத்தாத்தான் வயிறு எரியுது."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெவர்லி திரும்பினாள். "எந்த வேலையிலதான் கஷ்டம் இல்ல? சந்தோஷமாப் பேசிட்டிருக்கற எடத்துல இதெல்லாம் எதுக்கு?"

"சூப்பு ஆறிப்போச்சுன்னு திருப்பித் திருப்பி அனுப்பி என்ன ஓட விட்டவதானே நீ. உனக்கு சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்."

லோரீன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

மறுவாரம் கர்ட் அவள் வீட்டுக்கு வந்தான். தொப்பியும் பாட்டும் கிடையாது என்றான். பலகைக்குக் கீழே, வேலை பார்த்தவர்களின் பெயர்களைப் பொறிக்கலாமா என்று கேட்டான்.

"என் பேரப் போட்டா நானே வந்து சுரண்டுவேன். அந்த எடத்துக்குக் கீழ இருந்தது போதும்."

அவன் கிளம்பிப் போனான்.

சொன்னபடி பலகை ஏறியது. பேண்டு வாத்தியச் சத்தம் லோரீனின் சமையலறை வரை கேட்டது. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு, டஃபர்ஸில் அடுப்படி பார்த்த வெண்டெலைப் போனில் பிடித்தாள். டென்னிஸ் செத்து மண்ணோடு மண்ணாகியிருந்தான். அதற்காக இருவரும் அவனை விட்டுவிடவில்லை. அவன் நடை, மீசை, அவன் பிடித்துக்கொண்ட டிப்ஸ் என்று ஒன்று மிச்சமில்லாமல், தொண்டை வறளும் வரை திட்டினார்கள்.