பொடியில் இல்லாத புள்ளி

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கூப்பிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தால் அந்தப் பெயருக்கே அவள் லாயக்கில்லை. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம், அதில் கொஞ்சம் பிரியமாவது இருக்கிறது.

பால் வாங்கினால் மோந்து பார்ப்பாள். மோந்த பிறகு கடைக்காரர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி "நல்லா இருக்கியா?" என்று கேட்டால், எதற்காகக் கேட்டாள் என்று மாடிப்படி ஏறி முடிகிற வரைக்கும் யோசிப்பாள். இதைப் பிறவிக் குணம் என்று சொல்வதற்கில்லை. தொழில் கொடுத்த வியாதி.

அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு இரண்டு விதமான சரக்கு வரும். இலை, பட்டை, வேர் இவற்றைக் காய்ச்சி இறக்கிய சாறுகள் வெளியிலிருந்து வரும். மேல்மாடியில் இருக்கும் ரசாயனக்காரர்கள் தாங்களே கூட்டிச் சேர்த்த வெள்ளைத் தூள்களைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அனுப்புவார்கள். இரண்டையும் எலிகளுக்குக் கொடுத்து, சர்க்கரை குறைகிறதா, வீக்கம் வடிகிறதா என்று பார்ப்பார்கள். எலிக்குப் போவதற்கு முன்னால், வந்த சரக்கில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியது சின்னவளின் பொறுப்பு.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வேர்க்கஷாயம் வந்தது. அதைக் குடித்த எலிகளுக்குக் கால் வீக்கம் போன இடம் தெரியவில்லை. பெரியவர், அதாவது கூடத்தின் தலைமை, எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். இவள் சும்மா இருக்க மாட்டாமல் கஷாயத்தை மறுபடி பரிசோதித்தாள். உள்ளே, வீக்கத்தை வடிக்கக் கடையில் விற்கும் ஸ்டீராய்டு மாத்திரை கரைந்து கிடந்தது. பெரியவர் கொடுத்த கைகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளாத குறை. அன்றிலிருந்து எந்த இலையையும் அவள் நம்பியதில்லை. வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக எந்தத் தூளையும் நம்பியதில்லை.

அப்படிப்பட்டவளின் சொந்த அக்கா வீட்டிலேயே மூலிகைப் பொடி இடிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்?

இடித்தவர் அத்தான். பார்சல் கம்பெனிக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு யார் சொன்னார்களோ, ஏதோ ஒரு கசப்பு இலையைப் பறித்து வந்து நிழலில் உலர்த்தி, மிக்சியில் அடித்து, துணியில் சலித்து, சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று எடுத்து வைத்தார். அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அவருக்கும்தான். "நீ மாத்திரையை நிறுத்து. அப்பதான் பொடி வேலை செய்யுதான்னு தெரியும்" என்று அக்காவிடம் சொன்னார். தினமும் காலையில் தன் கையாலேயே வெந்நீரில் கலக்கிக் கொடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கினாள்.

சர்க்கரை இறங்கியது. இத்தனை வருஷமாக இறங்காத சர்க்கரை, டாக்டர் திட்டியும் இறங்காத சர்க்கரை, படி இறங்குகிற மாதிரி வாரா வாரம் இறங்கியது.

"என்னம்மா, நம்ம பொடியை உங்க எலிக்குக் குடுத்துப் பாக்கறது?" என்று அத்தான் கேட்டபோது சின்னவளுக்கு மூக்கில் வேர்த்தது.

"எலிக்கு அப்புறம் குடுக்கலாம் அத்தான். முதல்ல எனக்குக் கொஞ்சம் குடுங்க."

"உனக்குத்தான் சர்க்கரை இல்லையே."

"சந்தேகம் இருக்கே" என்றாள். அத்தான் சிரித்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்துச் சிரித்தார். அதை அவள் குறித்துக்கொண்டாள்.

அவள் பரிசோதிக்கிற முறை பார்ப்பதற்கு எளிமையானது. வெள்ளைப் பூச்சுள்ள கண்ணாடித் தகடு ஒன்று. அதன் அடியோரத்தில் சாறு ஒரு பொட்டு, பக்கத்தில் சந்தேகப்படும் மாத்திரையின் கரைசல் ஒரு பொட்டு. தகட்டை ஒரு திரவத்தில் நிறுத்தினால் திரவம் மெல்ல மேலே ஏறும். பொட்டில் இருப்பவையும் கூடவே ஏறி, அதனதன் தெம்புக்கு ஏற்ற உயரத்தில் நின்றுவிடும். அயோடின் ஆவி காட்டினால் நின்ற இடம் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். மாத்திரைப் புள்ளியின் உயரத்திலேயே சாற்றிலும் ஒரு புள்ளி நின்றால், ஆள் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி.

அத்தானின் பொடியில் அந்தப் புள்ளி இல்லை. திரவத்தை மாற்றினாள், தகட்டை மாற்றினாள், சர்க்கரைக்கு விற்கும் வேறு மாத்திரைகளையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பொடியில் இலையைத் தவிர ஒன்றும் இல்லை.

வேறு யாராவது இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சின்னவளுக்குக் கோபம்தான் வந்தது. எனக்குக் கொடுத்தது சுத்தமான பொடி, அக்காவுக்குக் கலக்குவது வேறு டப்பா. என் காதிலேயே பூச்சுற்றுகிறாரா மனிதர் என்று பல்லைக் கடித்தாள்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போனபோதெல்லாம் அத்தானைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். குற்றமுள்ள நெஞ்சு என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆள் இளைத்துவிட்டார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டிருந்தார். பேச்சை ஆரம்பித்தால் நடுவில் எழுந்து குளியலறைப் பக்கம் போய்விடுவார். தொண்டை காய்ந்துபோய்த் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தார். பொடி டப்பாவில் ஒட்டிய சீட்டை அவளிடம் காட்டும்போதுகூட அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் ஒளிந்துகொண்டார். பொய் சொல்கிறவனுக்கு இருக்க வேண்டிய அத்தனை லட்சணமும் பொருந்தியிருந்ததாக அவளுக்குப் பட்டது. ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அக்கா வழக்கமான பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. "குடு, போற வழியில நானே கிளினிக்ல குடுத்திடறேன்" என்று சின்னவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். தங்கச்சிக்கு எவ்வளவு அக்கறை என்று அக்கா நினைத்திருப்பாள். கிளினிக்குக்குக் கொடுக்கும் முன் கொஞ்சத்தை எடுத்து வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது. அக்கா ஒரு காலத்தில் சாப்பிட்ட மாத்திரை, உடம்புக்குள் சிதையாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிற வகை. கள்ளன் எந்த வழியாக உள்ளே போயிருந்தாலும் இந்த வழியாக வந்துதானே ஆக வேண்டும். அக்காவுடையது ஒரு பொட்டு, ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னுடையது ஒரு பொட்டு, மாத்திரை ஒரு பொட்டு என்று தகட்டில் வைத்தாள்.

அவளுடையதில் அந்த உயரம் வெறுமையாக இருந்தது. அக்காவுடையதில் மாத்திரைக்கு நேராகப் புள்ளி நின்றது, கொழுகொழுவென்று.

அன்று சாயங்காலம் சின்னவள் அக்கா வீட்டுக்கு நடக்கவில்லை, பாய்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். முன்னறையில் அத்தான் தரையில் உட்கார்ந்து பொடியைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "நாளையிலேர்ந்து வெளியில குடுக்கப் போறேம்மா. பழைய கம்பெனி ஆளுங்க நாலு பேர் கேட்டிருக்காங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல். அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அக்கா, அத்தான் உனக்குத் தெரியாம மாத்திரையைக் கலந்து குடுத்துக்கிட்டிருக்கார். நாளைக்கு ஊருக்கே குடுக்கப் போறார். எங்கிட்ட அத்தாட்சி இருக்கு."

அக்கா அடுப்பை அணைத்தாள். முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு. அவர் கலக்கலடி. நான்தான் போட்டுக்கறேன்."

"என்னது?"

"மாத்திரையை நான்தான் போட்டுக்கறேன். தையல் மிஷின் டிராயர்ல வெச்சிருக்கேன். அதை அவர் திறக்கவே மாட்டார்."

சின்னவள் பொடியைச் சோதித்தாள், அத்தானின் முழியைச் சோதித்தாள், அக்காவின் சிறுநீரைக்கூட விட்டுவைக்கவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் தோன்றவில்லை.

"முன்னெல்லாம் பாதி நாள் மறந்துடுவேன், உனக்குத்தான் தெரியுமே" என்றாள் அக்கா. "பொடி ஆரம்பிச்ச அன்னிக்கு அவர் மூஞ்சியப் பாத்தேன். அந்தக் கம்பெனியை மூடினதுக்கப்புறம் அந்த மூஞ்சியை நான் பாக்கவே இல்லடி. இது பொய்யாப் போனா மறுபடி சுவரைப் பாத்து உக்காந்துடுவார். அதான், ஒரு வேளைகூடத் தவறாம போட ஆரம்பிச்சேன். நீ எதுவும் சொல்லிடாத."

கலப்படம் பொடியில் இல்லை, அக்காவுக்குள் இருந்தது. சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தானைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் திருடன் இல்லை என்றால், திருட்டு முழிக்கு என்ன காரணம்? தொழில் புத்தி அந்த இடத்தில் வந்து நின்றது.

"அத்தான் தன்னோட மாத்திரையைப் போட்டுக்கறாரா?"

"போட்டுக்குவார்."

"நீ பாத்தியா?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முன்னறையிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் தண்ணி கொண்டு வாம்மா. இன்னொரு சொம்பு."

இளைத்த உடம்பு, பெல்ட்டில் புது ஓட்டை, அடிக்கடி குளியலறை, அடங்காத தாகம், எழுத்துத் தெரியாமல் கிட்டே கொண்டுபோன சீட்டு. குற்றமுள்ள நெஞ்சு என்று சின்னவள் ரசித்து ரசித்துச் சேர்த்து வைத்தது எதுவும் நெஞ்சு சம்பந்தப்பட்டதே இல்லை. கூடத்தில் சர்க்கரை ஏற்றிய எலிகளிடம் தினமும் பார்க்கிற அதே அடையாளங்கள். பொடியை மட்டும் நம்பிய உயிர் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க மாத்திரையை நிறுத்திட்டீங்களா அத்தான்?" என்று போய்க் கேட்டாள்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "உங்க அக்காவுக்கு அப்படிக் கேட்டுதே. எனக்கும் அதே பொடிதான், அதே அளவுதான். பெரிய டெஸ்ட் எடுத்துட்டு ஒரே அடியாச் சொல்லலாம்னு இருந்தேன்."

அக்காவின் விரலைக் குத்திப் பார்க்கிற கருவி மேஜையிலேயே இருந்தது. அத்தானுக்கு ஊசி என்றால் ஆகாது. அதை அவர் தன் விரலில் வைத்துக்கொண்டதே இல்லை. சின்னவள் கையைப் பிடித்துக் குத்தினாள். கருவி எண் எதையும் காட்டவில்லை. எண்ணால் சொல்ல முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் அது காட்டுகிற குறியைக் காட்டியது. அக்கா நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மயங்கியே விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் அவருக்குத் தெளிவாகப் பேச்சு வந்தது. வந்ததும் பொடியைப் பற்றித்தான் பேசினார்.

"உனக்குக் கேட்டுது, எனக்கு ஏன் கேக்கல? நான் ரெண்டு ஸ்பூனாப் போட்டிருக்கணுமோ?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். தானே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அக்கா கைப்பையைத் திறந்து, பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அத்தான் அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்தே."

அவர் திட்டுவார் என்று சின்னவள் நினைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று பயந்தாள். அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் சரியாகத் தெரியாதவர் கூர்ந்து பார்க்கிற மாதிரி.

"அப்புறம் எதுக்குடி தினமும் அவ்வளவு கசப்பைக் குடிச்ச?"

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கலக்கிக் குடுத்தீங்களே" என்றாள்.