தெற்கு ஜன்னல்

காற்று வேண்டும் என்று வீட்டையே இடித்தோம். காற்றும் வந்தது. அந்தக் காற்றுதான் என் கணவரின் உயிரை அரித்துக்கொண்டிருக்கிறது என்று புரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். அவருக்குப் புனேயில், மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஹடப்சர் பக்கம், லிஃப்ட் நின்றுபோனால் தலையில் கைவைக்கிற உயரத்தில். கொரோனாவின் இரண்டாம் அலையில் அவரும் என் மாமனாரும் ஒரே சமயத்தில் படுத்தார்கள். இவர் புனேயில் ஆக்ஸிஜனில், அவர் கோவையில் ஆக்ஸிஜனில். இவர் திரும்பி வந்தார். அவர் வரவில்லை. ஒரே மகன், கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. மயானத்தில் யாரோ வைத்ததை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி செல்போனில் பார்த்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் காக்காய்க்குச் சோறு வைக்கத் தொடங்கினார்.

எங்கள் வீடுகளில் அது பெண்கள் வேலை. சமைத்ததும் முதல் பிடி காக்காய்க்கு. காக்காய் எடுத்தால் போனவர்கள் வந்து சாப்பிட்டார்கள் என்று நிம்மதி. எடுக்காவிட்டால் அவர்களுக்கு என்ன மனக்குறையோ என்று நாள் முழுக்க உறுத்தும். அந்த வேலையை இவர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நானே வெக்கறேன் அம்மிணி. என்ற அப்பாவுக்கு இதாச்சும் என்ற கையால போவட்டும்."

படுக்கையறை ஜன்னல் தெற்குப் பார்த்தது, போனவர்களின் திசை. அதற்கு வெளியே ஏசி மெஷின் உட்கார ஒரு சிமெண்ட் மேடை. அதில் சோற்றை வைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி "கா... கா..." என்று கூப்பிடுவார். நான் அடுப்படியில் நிற்பேன். வீட்டிலிருந்தேதான் ஆபீஸ் வேலை; ஒரு மீட்டிங் முடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, "அப்பா சாப்ட்டுட்டாரு" என்று சொல்லி வருவார். அப்புறம்தான் தன் தட்டில் கை வைப்பார்.

அடங்கியிருந்த இருமல் திரும்ப வந்தது. நுரையீரலில் பழைய தழும்பு இருக்கிறது, வீட்டில் காற்றோட்டம் வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. நாங்கள் குடியிருந்தது வீடா அது? ஊரடங்கில் ஆபீஸ் வேலைக்கென்று பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தோம். மேலே பொய்க்கூரை, கீழே கம்பளம், ஜன்னலுக்கு இரட்டைத் திரை. டப்பாவில் போட்டு மூடி வைத்த முறுக்கு மாதிரி இருந்தோம்.

வீட்டை உடம்புக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறேன் என்று ஒரு மராட்டிப் பெண் வந்தாள். இன்டீரியர் டிசைனர். கெட்டிக்காரி. பால்கனிக் கண்ணாடி போனது, பொய்க்கூரை போனது, கம்பளம் போனது. நெடி வராத பெயிண்ட், மூலைக்கு மூலை செடி. கடைசியாகக் கட்டிலை இழுத்துத் தெற்கு ஜன்னலுக்கு அடியில் போடச் சொன்னாள். தலைமாட்டில் ஜன்னல், எப்போதும் திறந்தே இருக்கட்டும் என்றாள். நான்தான் முதல் ஆளாய்த் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதன் பிறகு நாளுக்கு நாள் மோசமானார். பேச்சின் நடுவில் மூச்சு நின்று, மிச்ச வார்த்தையைக் கையால் காட்டுவார். ஆபீஸ் பேச்சில் மைக்கை அணைத்துவிட்டு இருமுவார். அணைக்க மறந்த ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டார்கள். குளித்துவிட்டு வந்து சட்டைக்குள் கை நுழைக்க முடியாமல் கட்டிலில் சாய்ந்தார்; நான்தான் மாட்டிவிட்டேன். அடக் கடவுளே, அன்றைக்குத் திருப்பித் தந்தது இதற்குத்தானா என்று வாய்விட்டே கேட்டேன்.

வேறொரு டாக்டரிடம் போனோம். ஸ்கேனைப் பார்த்தார். "வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா? பறவைக்குத் தீனி போடுவதுண்டா? புறா?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில். எனக்குக் கோபம்கூட வந்தது. தெருமுனையில் மூட்டை மூட்டையாகச் சோளம் இறைத்துப் புறாவுக்குப் புண்ணியம் தேடுகிறவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவள் நான். எங்களைப் போய் இப்படிக் கேட்கிறாரே! சத்தியமாக அந்த அறையில் எங்கள் இருவருக்கும் ஜன்னல் சோறு நினைவுக்கே வரவில்லை. அது பறவைத் தீனி இல்லையே. அது மாமனாருக்குச் சோறு.

"ஏதோ ஒரு தூசி தினமும் உள்ளே போகிறது. அதை நிறுத்தாமல் மருந்து பிடிக்காது. இப்படியே போனால் நுரையீரல் இறுகிவிடும், அப்புறம் திரும்பாது" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அந்த டிசைனர் பெண்ணைக் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்தேன். பாவம், ஓடி வந்தாள். பெயிண்ட்டை முகர்ந்தாள், கட்டில் பலகையைத் தட்டினாள், சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தடவினாள். பிறகு கட்டில் மேல் ஏறி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவள், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மேடம், இங்கே சோறு வைப்பது யார்?"

நான் எட்டிப் பார்த்தேன். மேடை முழுக்கப் புறா எச்சம், காய்ந்து பொடிப்பொடியாய். மெஷினுக்குப் பின்னால் குச்சியும் இறகுமாய்க் கூடு. ஒரு தடித்த புறா என் மாமனாரின் சோற்றின் மேல் நின்று கொத்திக்கொண்டிருந்தது. காற்று வீசியது. பொடி எழுந்து நேராகத் தலையணையில் வந்து இறங்கியது.

"அது பறவைக்கு இல்லை. அவருடைய அப்பாவுக்கு" என்றேன் என் ஓட்டை இந்தியில்.

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நாங்களும் அப்பாவுக்குப் பிண்டம் வைத்துக் காக்காய்க்குக் காத்திருந்தோம் மேடம்" என்றாள். "ஆனால், வந்து தொடும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம்."

அவர் ஆபீஸ் பேச்சை முடித்துவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அதிர்ச்சியே இல்லை அவர் முகத்தில்.

"தெரியும் அம்மிணி. மொத நாளே பாத்தேன். புறாதான் வந்துச்சு. காக்கா ஒரு நாளும் வல்ல. டாக்டர் கேட்டப்பக்கூட அப்பா சோத்தப் புறாத் தீனின்னு நெனைக்கத் தோணல."

"அடப் பாவி மனுசா! பின்ன ஏனுங்க அப்பா சாப்ட்டாரு, அப்பா சாப்ட்டாருன்னு சொன்னீங்க?"

"கொள்ளி வெக்காதவன் மேல கோவமாட்ட இருக்குது, அதான் வரமாட்டேங்கறாருன்னு நெனச்சேன். ஒரு நாளைக்கு மனசு மாறி வருவாரல்ல? அன்னிக்குச் சோறு இல்லாமப் போயிரக் கூடாதல்லொ."

அவரை அடிக்கலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழத்தான் முடிந்தது.

மேடையைக் கழுவி, கூட்டை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே மேடையையும் சேர்த்து கபூதர் ஜாலி கட்டினோம். புனேயில் வீட்டுக்கு வீடு தொங்குகிற புறா வலை. சோறு வைக்க வேறு இடம் பார்க்கலாமென்று மொட்டை மாடிச் சாவியைக் கேட்டேன். "பாதுகாப்பு விதி, பாபிஜி" என்று அண்ணி முறை வைத்துக் கைவிரித்தார் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி செயலாளர். கீழே பூங்காவில் பறவைகளுக்கு உணவிடத் தடை என்று பலகை. கார் நிறுத்த இத்தனை இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஒரு காக்காய் வந்து உட்கார இடமில்லை. யாரைச் சொல்லி என்ன? எனக்குத் தேவை அவருடைய மூச்சு. மருந்து கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு தரம் தூசி போனால் பொறுப்பில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அமாவாசை வந்தது. மனசு கேட்காமல் வலைக்கு உள்ளே, ஜன்னல் விளிம்பில், ஒரு பிடி சோறு வைத்தார். சும்மா பேருக்கு. கூப்பிடக்கூட இல்லை, அதற்கு மூச்சு இல்லை.

காக்காய் வந்தது.

வலைக்கு வெளியே குழாய் மேல் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. வலையில் தொற்றி அலகை நுழைத்தது. எட்டவில்லை. மறுபடியும் நுழைத்தது.

"அம்மிணி," என்றார். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "வந்துட்டாரு. கத்தரிக்கோலக் கொண்டா. அறுத்துப்போடு."

"மாட்டேனுங்க."

"பசியோட நிக்கறாரு அம்மிணி. ஒரே ஒருக்கா."

"போனவருக்கு இனிப் பசி இல்லீங்க. உங்களுக்குத்தான் மூச்சு வேணும். எனக்கு நீங்க வேணும். நான் அறுக்க மாட்டேன்."

அவரே எழப் பார்த்தார். இருமல் பிடித்துக்கொண்டது, கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிந்துவிட்டார். காக்காய் வலையைப் பிடித்து இழுத்துக் கரைந்தது. அந்தச் சத்தத்தை அவர் கேட்கக் கூடாதென்று நான் ஜன்னல் கண்ணாடியையும் இழுத்துச் சாத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது இன்னும் கொஞ்ச நேரம் கரைந்துவிட்டுப் போனது.

அவர் அன்று சாப்பிடவில்லை.