மகளுக்காக வாங்கிய கட்டில்

பல்செட்டுக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். வாடகை வீட்டின் முன்னறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். ஊரார் வாய்விட்டுச் சிரிக்க வழிசெய்கிற மனிதருக்குத் தன் வாயைத் திறக்க மட்டும் வராது. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மகள் எட்டாவது படிக்கும்போது மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊரில் இருந்த தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போடவும் இரண்டு பேர் பேச வேண்டுமே.

பிறகு வருஷங்கள் கழித்து, மகளுக்கு இவர் ஊரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்தது. உங்களோடேயே தங்கிப் படிக்கிறேன் என்று அவள் போனில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பின்னறையில் அடைத்து வைத்திருந்த பிளாஸ்டர் மூட்டைகளை அப்புறப்படுத்தி, சுவருக்கு வெள்ளையடித்தார். கட்டில், மெத்தை, படிக்கிற மேசை, ஏசி, துணி துவைக்கும் மெஷின் என்று வாங்கிக் குவித்தார். எல்லாம் கிரெடிட் கார்டில். கல்லூரிக்குக் கட்டிய முதல் பணமும் அதிலிருந்துதான் போனது. டாக்டர்கள் பாக்கியைத் தந்ததும் அடைத்துவிடலாம் என்று கணக்கு. ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

மகள் வந்தாள். பகலெல்லாம் பல்செட்டைத் தேய்க்கும் மோட்டாரின் சத்தம், காற்றில் பிளாஸ்டர் தூள். அவளுக்கு இருமல் நிற்கவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச விஷயம் கிடைக்கவில்லை. அவர் குழம்பை நகர்த்தி வைப்பார், அவள் போதும் என்பாள். அதோடு சரி. முதல் பரீட்சை முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்றாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கப்பா. அங்க சேந்து படிக்க ஆள் இருக்கு.”

அவர் சரி என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனார்.

கார்டுக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை என்று கேட்டதைத் தவறாமல் கட்டிவந்தார். கடன் கரைகிறது என்றே நினைத்தார். கரைந்தது அவர் சம்பாத்தியம்தான். கடன் இருந்த இடத்தில் இருந்தது. பாதி வேலையைக் கொடுத்துவந்த ஒரு டாக்டர் திடீரென்று பல்செட் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாறிக்கொண்டதும் அந்தக் குறைந்தபட்சமும் கட்ட முடியாமல் போனது. வட்டி குட்டி போட்டது, அபராதம் அதன் தலையில் ஏறி உட்கார்ந்தது. வங்கியிலிருந்து ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். சில நாள் அந்த வீட்டில் கேட்ட ஒரே மனிதக் குரல் அதுவாகத்தான் இருக்கும்.

ஒருநாள் மகளே கூப்பிட்டாள். வகுப்பில் இருந்தபோது யாரோ அழைத்து, உன் அப்பா எங்கே ஒளிந்திருக்கிறார் என்று கேட்டார்களாம்.

“என் நம்பர ஏம்ப்பா அவங்களுக்குக் குடுத்தீங்க?”

கார்டு வாங்கும்போது நெருங்கிய உறவு என்று ஒரு நம்பர் கேட்டிருந்தார்கள். அவருக்கு வேறு யார் இருந்தார்கள்? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மொத்தமாகக் கட்டினால் வங்கியில் குறைப்பார்கள் என்று தெருமுனை மருந்துக்கடைக்காரர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. பழைய சாமான் வாங்குகிறவரை வரவழைத்தார். ஏசி போனது, மெஷின் போனது, மேசை போனது, கட்டில் மெத்தையோடு போனது. டாக்டர்களிடம் ஒவ்வொருவராகப் போய், தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, பாக்கியை வாய்விட்டுக் கேட்டார். இரண்டு பேர் கொடுத்தார்கள். வங்கியில் என்ன பேசுவது என்று வேலை செய்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். எதிரே வரிசையாக இருந்த பிளாஸ்டர் தாடைகள் மறுபேச்சுப் பேசவில்லை.

வங்கியின் வசூல் பிரிவில் இருந்த பெண் அதிகாரி மரியாதையாகவே பேசினார். அபராதத்தைத் தள்ளி, வட்டியிலும் கொஞ்சம் கழித்தால் நூற்றுக்கு எண்பது கட்ட வேண்டிவரும் என்றார்.

“எங்கிட்ட இருக்கறது நாப்பதுதாம்மா,” என்றார் இவர். “அதுவும் கட்டில வித்த காசு.”

அதிகாரி கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு அறுபதுக்கு வந்தார். மூன்று தவணையாகக் கட்டலாம் என்றார்.

“தவணை தவணையாக் கட்டித்தாம்மா இங்க வந்து நிக்கறேன். நாளைக்கே மொத்தமாத் தர்றேன். குறைச்சுக் குடுங்க.”

அதிகாரி எழுந்து உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். நாற்பத்தைந்து, அதற்குக் கீழே யார் நினைத்தாலும் முடியாது என்றார். இருந்த இரண்டு மோட்டாரில் ஒன்றை விற்றால் அந்த ஐந்தைச் சமாளிக்கலாம். இவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அதை எழுதித் தரும் காகிதம் கைக்கு வந்த பிறகே பணம் என்றார். அதிகாரி ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார்: முழுசாக அடைத்ததாகப் பதிவாகாது, பேசி முடித்ததாகத்தான் பதிவாகும், சில வருஷங்களுக்கு எங்கேயும் கடன் கிடைக்காது.

“கெடைக்காட்டி என்னம்மா. வாங்கி யாருக்குப் போடப்போறேன். எம் பொண்ணு நம்பர மட்டும் எடுத்துடுங்க.”

படிவத்தில் அதற்குப் பதிலாக வேறொரு நம்பர் வேண்டும், சொந்தக்காரர், சிநேகிதர், யாராக இருந்தாலும் பரவாயில்லை என்றார் அதிகாரி. இவர் யோசித்தார். மருந்துக்கடைக்காரரை நினைத்தார், அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டதே இல்லை. டாக்டர்களை நினைத்தார். மனைவியையும் நினைத்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினார். அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்.

பணம் கட்டி முடித்த அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்தார்.

“எல்லாம் முடிஞ்சுதும்மா. இனிமே உனக்கு யாரும் பேச மாட்டாங்க.”

“பணத்துக்கு என்னப்பா பண்ணீங்க?”

சொன்னார்.

“கட்டிலையுமா? லீவுக்கு அங்க வரலாம்னு இருந்தேன்.”

நிஜமாகச் சொல்கிறாளா, அவர் மனசு ஆறச் சொல்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“எங் கட்டில் இருக்கும்மா. நான் முன்ரூம்ல படுத்துக்கறேன்.”

“பாக்கலாம்ப்பா.”

லீவு வந்தது. அவள் நேரே அம்மாவிடம் போனாள். போனதைச் செய்தியாக அனுப்பினாள். லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்புகிற வழியில் அவர் வீட்டுக்கு வந்து, ஒரு வேளை சாப்பிட்டாள். பின்னறையில் போய் நின்றாள். கட்டில் கிடந்த இடத்தில் தரையில் நாலு தடம் இருந்தது. இவ்வளவு பெரிய வீடு உங்கள் ஒருத்தருக்கு எதற்கு, இந்த அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டால் கைச்செலவுக்கு ஆகுமே என்றாள். பொறுப்பாகத்தான் சொன்னாள். அவரும் சரியென்றார்.

அந்தப் பக்கம் வேலைக்கு வந்த பையன்கள், மருந்துக்கடைக்காரர் சொல்லி அனுப்பியவர்கள் என்று அவ்வப்போது யாராவது வந்து கேட்கிறார்கள். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, அறை காலியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.