குடைப் படம் போட்ட பைன் பலகை

என் ஈட்டி மர பீரோவின் முன்கால் ஒன்றுக்கு அடியில் இன்றும் ஒரு துண்டுப் பலகை அண்டக் கொடுத்திருக்கிறது. அதன் மேல் கறுப்பு மையில் ஒரு குடைப் படம். நனைக்காதே என்று கப்பலில் வரும் பெட்டிகளில் அச்சடிப்பார்களே, அதுதான். குனிந்து கூட்டும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன், என் நாத்தனார் நினைவுக்கு வருவார். பாசத்தினால் அல்ல.

பாபநாசத்தில் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நாத்தனாரின் கணவரும் துபாயில் இருந்தார். வீட்டில் நாத்தனாருக்கும் என் கணவருக்கும் சமபங்கு. கீழ்க்கட்டு அவருக்கு, மாடி அறை எங்களுக்கு என்று மாமனார் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். துபாய்க்கு ஒரு நடை போய் வந்ததும் நாத்தனாருக்கு மாடி அறையின் மேல் கண் விழுந்தது. அதை ஹாலாக்கி, பலகையில் தரை போட வேண்டுமாம்.

"சிமெண்டுத் தரைக்கு என்ன குறைச்சல் அண்ணி?" என்றேன்.

"உனக்கு அது போதும்மா. நாலு மனுஷங்க வந்து உட்கார வேணாமா?"

அந்த நாலு மனுஷரில் நான் சேர்த்தியில்லை.

நாகப்பட்டினத்தில் இயந்திரப் பெட்டிகளைப் பிரித்து விற்ற பழைய பைன் பலகைகள் லாரியில் வந்து இறங்கின. ஆசாரி இரண்டு துண்டுகளை இழைத்துக் காட்டினார். ஒன்று உரித்த வாழைத்தண்டு போல வெளுப்பு. இன்னொன்றில் சாயம் ஏற்றித் தேன் நிறத்துக்குக் கொண்டு வந்திருந்தார். அதன் பக்கத்தில் என் அம்மா வீட்டுச் சீதனமான பீரோ எடுப்பாக இருந்தது. நாத்தனாரின் புதுப் பிரம்பு சோபாவும் உறுத்தாமல் பொருந்தியது. நான் அந்தத் தேன் நிறத் துண்டைத் தொட்டதுதான் தாமதம், அவர் வெளுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதுதான். ஆனா இதுக்கு உன் பீரோ மேட்ச் ஆகாது. கீழே இறக்கிடு. கட்டிலும்தான்."

'மேட்ச்' என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே எங்களை நெல் மூட்டை அடுக்கும் அறைக்குத் தள்ளினார். அவர் தேடியது தரைக்கு நிறமல்ல, என்னைக் கிளப்ப ஒரு சாக்கு. என் கணவரோ, "அக்காதானே, விடு" என்று வயலுக்குப் போய்விட்டார். அவரை இன்னும் நான் அதற்காக மன்னிக்கவில்லை.

பலகையில் இருந்த குடைப் படங்களை இழைத்து எடுத்துவிடட்டுமா என்று ஆசாரி நாத்தனாரிடம் கேட்டார்.

"வேணாங்க. ஃபாரின் மரம்னு தெரிய வேணாமா?"

தரை போட்டு முடிந்து முதல் வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல நாத்தனார் குடத்தைத் தூக்கினார். "ஈரத்துணியால துடைச்சாப் போதும்னு ஆசாரி சொன்னாரு அண்ணி" என்றேன். "வெள்ளிக்கிழமை கழுவி விடாத வீடு ஒரு வீடா? இதுகூட உங்க வீட்ல சொல்லித் தரலையா?" என்றபடி அந்தக் குடைகளின் மேலேயே குடம் குடமாகக் கொட்டினார். தண்ணீர் வெளியேறும் தூம்பு பலகைக்கு அடியில் அடைபட்டுக் கிடந்தது அவருக்குத் தோன்றவே இல்லை. வெளியே ஐப்பசி மழை வேறு.

அடுத்த வெள்ளியும் கழுவி, கதவைச் சாத்திக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். மத்தியானம் தடதடவென்று சத்தம். பலகைகள் உப்பிப் புடைத்துக் கதவுக்கு உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்துவிட்டன. "கதவைத் திற! யாராச்சும் வாங்களேன்!" நான் மாடிப்படியில் நின்று, "ஆசாரிக்கு ஆள் அனுப்பியிருக்கேன் அண்ணி, சோபாவிலேயே உட்காருங்க, அதுதான் மேட்ச்" என்றேன். ஆசாரி வந்து கதவைப் பெயர்த்துத்தான் அவரை வெளியே விட்டார்.

பலகையெல்லாம் விறகுக்குப் போயிற்று. அந்த வாரமே பீரோவை மேலே ஏற்றினேன். இறக்கும்போது ஒரு கால் நொண்டியாகியிருந்தது. அதற்குத்தான் இந்தத் துண்டு.

போன மாதம் நாத்தனார் சென்னையிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலியோடு மாடி ஏறி, அறையைச் சுற்றிப் பார்த்தார். கண் பீரோவின் காலடியில் நின்றது.

"இதை இன்னும் தூக்கிப் போடலையா நீ?"

"எப்படிப் போடறது அண்ணி? மேட்ச் ஆயிடுச்சே."

கொடுத்த காபியைக் குடிக்காமலே இறங்கிப் போனார்.