நான் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை

போன ஞாயிறு என் மகள் மீனாவைப் பெண் பார்க்க வந்தார்கள். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் குடும்பம். நாங்கள் சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவர்கள். பையனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர்கள் இருந்த நேரம் முழுக்கச் சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்...

மறுநாள் தரகர் என் அண்ணனுக்குப் போன் செய்தார். "ஒங்க தம்பிக்கு இஷ்டம் இல்ல போலயே. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாராம்ல. பட்டாசுக்காரன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்கப் பயப்படுறாரோன்னு கேக்குறாக."

நானா?

அண்ணன் மகள் செல்போனில் எடுத்த போட்டோக்களை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில்கூட நான் சிரிக்கவில்லை. தீர்ப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி ஒருவர், என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. எனக்குப் பார்க்கின்சன் நோய். நடுங்கும் வலது கையை அன்று துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தேன் — அது வீட்டில் கூடி எடுத்த முடிவு. முகத் தசையும் இறுகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எனக்கே தெரியாமல் இறுகும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே சிரித்தது நான். அப்படியென்றால் வெளியே உட்கார்ந்திருந்தது யார்?

வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"கல்யாணம் முடியுற வரைக்கும் மூச்சு விடாதலே. பரம்பரை வியாதியான்னு கேப்பாக" என்றார் அண்ணன்.

"சொல்லலேன்னா மாப்பிள்ளை புடிக்கலேன்னு ஆகுது. சொன்னா பொண்ணு வேண்டாம்னு ஆகுது. எதத்தான் செய்ய?" என்றாள் என் மனைவி சரசு.

நடுநடுவே காலண்டர் லோடு ஏறிவிட்டதா என்று போன்கள் வேறு. நானும் வாயைத் திறந்து பார்த்தேன். நோய் என் குரலையும் தணித்துவிட்டது. எங்கள் வீட்டிலோ கத்தினால்தான் காதில் விழும்.

கடைசியில் மீனா அருகில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு அவுகளப் புடிச்சிருக்குப்பா. ஆனா ஒங்களத் துண்டுக்குள்ள ஒளிச்சு வச்சு எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க அண்ணாச்சி. இங்க வேன் வந்து நிக்கி."

சத்தமாகச் சொன்னேன். சொல்ல வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"நம்ம வீட்டுக்கு மருமகளா வர்ற புள்ளைக்கும் வருமா?" என்று கேட்டார் அவர்.

"பெரும்பாலும் வராதுன்னு டாக்டர் சொல்றார்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். 'வராது' என்று நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் டாக்டர் சொன்னது 'பெரும்பாலும்'. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக் குறைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

வேன் இன்ஜினை நிறுத்தச் சொல்லி அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "கம்பெனியில விபத்து வருமான்னு நீங்க என்னயக் கேட்டிருந்தா... நானும் அதத்தான் அண்ணாச்சி சொல்லணும். பெரும்பாலும் வராது."

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். "இனிமே துண்டெல்லாம் வேண்டாம்" என்று சரசு அதை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டாள். வீடே சந்தோஷமாக இருக்கிறது.

எனக்குத்தான் குழப்பம். அவர்கள் சந்தேகப்பட்ட அந்தப் பட்டாசுப் பயம், சத்தியமாக அன்று எனக்குக் கிடையாது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் வந்திருக்கிறது. ஒளிக்காமல் சொன்ன மனிதர் மீது மரியாதை கூடுகிறது. கூடவே பயமும் கூடுகிறது. ஒரே சொல்லுக்கு இரண்டுமா? என் 'பெரும்பாலும்' அவர்கள் வீட்டில் என்ன பாடு படுத்துகிறதோ... மீனாவிடம் இதைச் சொல்ல வேண்டுமா, கூடாதா?

நேற்று அவள் புதுப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "எப்படிப்பா இருக்கு?" என்று என் முகத்தையே பார்த்தாள்.

நல்லவேளை, அதில் எதுவும் தெரியாது.