கொழுந்தன் குடித்த விதைக் கஞ்சி

எந்த விதை கைக்கு வந்தாலும் பொன்செல்வி அதில் நூறு எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பாள். முளைத்தால்தான் நம்புவாள். விற்றவன் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் சரி. பன்னிரண்டு வருடமாக விளாத்திகுளம் பக்கத்து அந்த ஊர் இதைப் பார்த்துச் சிரித்துவருகிறது.

சோயா போடப்போகிறேன் என்றதும் இன்னும் சிரித்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் லாரி ஓட்டும் கணவன் செந்தில்வேல் கறாராகச் சொல்லிவிட்டான்: "இந்த ஒரு தடவதான். தேறலேன்னா பழையபடி மக்காச்சோளம்."

ஐப்பசி மழை பெய்து நிலம் பதமாக இருந்தது. வேளாண்மை வகுப்பில் சொன்னபடி அரிசிக் கஞ்சியை ஆறவைத்து, ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து மூடிவைத்தாள். விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். விதை மூட்டையை எடுத்து வருவதற்குள் கொழுந்தன் சுடலைக்கண்ணன் வந்து சேர்ந்திருந்தான். கையில் செம்பு, வாயில் வெங்காயம்.

"கஞ்சி மண்வாசனையா இருக்கே மதினி."

"ஏலே! அது விதைக்கு வச்சதுலே! வேர்ல முடிச்சு விழவைக்கிற பாக்டீரியா!"

"முடிச்சா? எனக்கு எங்கன விழும்?"

"ஒரு வேலையில ஒரு மாசம் நிலைச்சிருக்கியா? உனக்கு ஏதுலே வேரு?"

அவன் காலை நீட்டி உட்கார்ந்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தான். பாதிச் சட்டி காலி. ஞாயிற்றுக்கிழமை, வேறு பொட்டலம் கிடைக்காது. நாளைக்கு ஈரம் நிற்காது. இருந்த கஞ்சி பாதி விதைக்குத்தான் வந்தது. அதைக் கிழக்குப் பக்கமும், மீதி விதையை அப்படியே மேற்குப் பக்கமும் விதைத்தாள்.

நாற்பதாம் நாள் கிழக்குப் பாதி கரும்பச்சை, மேற்குப் பாதி வெளிர்மஞ்சள். செடியைப் பிடுங்கினால் கிழக்கு வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு. நசுக்கினால் உள்ளே ரோஜா நிறம். மேற்கு வேர் மொட்டை. சிரித்த ஊர் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தது. செந்தில்வேல் மக்காச்சோளப் பேச்சையே விட்டுவிட்டான்.

பார்க்க வந்த வேளாண்மை அதிகாரி அசந்துபோனார். "பிரிச்சுப் போட்டு ஒப்பிட்டுக் காட்டணும்னு யாரும்மா யோசிச்சது?"

"நாந்தான் சார்."

முழுப்பொய் இல்லையே என்று தோன்றியது. குடித்தவன்தான் அவன்; விதைத்தவள் அவள்தானே? பின்னால் நின்ற சுடலைக்கண்ணன் இருமினான். அவள் திரும்பவில்லை.

இரண்டு வருடமாகிறது. ஊரில் ஒன்பது பேர் சோயா போடுகிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அவன் வந்து, சாப்பிட்டு, கை கழுவி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சோறு போடுகிறாள், வேட்டி எடுத்துக் கொடுக்கிறாள். 'உன்னாலதாம்லே' என்ற ஒரு சொல்லை மட்டும் இன்னும் தரவில்லை.