கவ்வாத்தில் ஒரு நாயனக்காரர்

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் வழியில், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தருகே வண்டி நிற்கிறது. காலைப் பனியில் பெரட்டு நடக்கிறது; ஆட்களை வேலைக்குப் பிரிக்கிறார்கள். வரிசையில் சந்தனப் பொட்டோடு ஒருவர் கத்தி பிடித்து நிற்கிறார்.

"அவர் யாருங்க?" என்று தயங்கித் தயங்கிக் கங்காணியிடம் கேட்கிறேன்.

"நம்ம கோயில் நாயனக்காரருங்க. தஞ்சாவூர்ப் பக்கம் முறையாப் படிச்சவரு. நாந்தான் கூட்டியாந்தேன்," என்கிறார், தாமே பாடம் சொன்னவர் போல. "நாயனம் வாசிக்கத் தொரை சம்பளம் போட மாட்டாரு. அதான் கவ்வாத்துல சேத்துட்டேன்."

நல்ல ஏற்பாடுதான். திருவிழாவுக்குச் சில நாள் ராகம். மற்ற நாளெல்லாம் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடி வெட்டும் கத்தி. விரல் ஒன்றிரண்டு போனாலும் சாமி குறை சொல்லப்போவதில்லை.

நாயனக்காரர் முன்னே வருகிறார். இடது கைச் சுட்டுவிரலில் துணி சுற்றியிருக்கிறது.

"ஐயா, என்னையக் கொழுந்துல போட்டுருங்க."

பெண்கள் சிரிக்கிறார்கள். இங்கே கொழுந்து பறிப்பது அவர்கள் வேலை.

"பொம்பளைங்களோடயா? சம்பளமும் அவங்க சம்பளந்தான் வரும். சாமி முன்னாடி வாசிக்கிற ஆளு, மானம் வேணாமா?"

சங்கீதத்தின் மானத்தைக் காக்க இப்படி ஒரு கங்காணி கிடைப்பது பெரும் பாக்கியம்.

"மானத்த நீங்களே வச்சுக்கங்க ஐயா. வெரல மட்டும் எனக்கு விட்டுருங்க."

கத்தியைக் கங்காணியின் காலடியில் வைக்கிறார். சிரித்த பெண்களில் ஒருத்தி கூடையொன்றை எடுத்து வந்து, கயிற்றை அவர் தலையில் மாட்டிவிடுகிறாள்.

"நம்ம நிரைக்கு வாங்கண்ணே," என்கிறாள்.

அவர் அவர்களுக்குப் பின்னால் மலையேறுகிறார்.